ஒரே கூரையும் பல கதவுகளும்: பழைய திரையரங்குகளும் ‘சமத்துவ அரங்கு’ என்னும் கருத்தாக்கமும்

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பற்றி இதுவரை எழுதப்பட்டுள்ள ஆய்வுகள் ஒரு சிறு நூலகத்தை நிரப்பத்தக்கவை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை திரையில் தோன்றியதையே பேசுகின்றன. கதை, வசனம், பாடல், நடிகரின் பிம்பம், அரசியற் செய்தி ஆகியன நுணுகி ஆராயப்பட்டுள்ளன. அத்திரை தொங்கிய கட்டடம் யாருடையது, அதற்குள் வந்தோர் எந்த வாயில் வழியாக வந்தனர், எங்கே அமர்ந்தனர், அக்கட்டடம் பின்னர் என்னவாயிற்று என்னும் வினாக்கள் ஆய்வின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. பழைய திரையரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவரும் காலத்தில் இவ்விடைவெளி பெருங்குறையாகவே தோன்றுகிறது.

இவ்விடைவெளியைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட சிறுநூலில் திரையரங்கைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்கலைக் களம் திரையரங்கே என்பதும், அங்கு இருக்கை சாதிப் படிநிலையால் அன்றிக் கட்டணம் செலுத்தும் ஆற்றலால் அமைந்தது என்பதும் அக்கருத்தின் சாரம். அதன் பின்வந்த ஆய்வாளர் பலரும் இதனை மேற்கோளாக எடுத்தாண்டுள்ளனர். சோதித்துப் பார்த்தோர் சிலரே. சென்னை, மதுரை, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகரங்களின் பழைய அரங்குகள் சிலவற்றின் வரலாற்றை வைத்து இக்கருத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் வலிமை

சிவத்தம்பியின் கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதைக் காண இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் போதும். சென்னை மவுண்ட் சாலையில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இல் திறக்கப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். இவ்விரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேலான இடைவெளி உள்ளது. தமிழகத்தில் இசையும் கூத்தும் நாடகமும் கோயிலையும் அரண்மனையையும் ஊர்த்தெருவையும் சார்ந்து வளர்ந்தவை. அவற்றைக் காண்போர் நிற்கும் இடத்தைப் பிறப்பே வகுத்தது. காசு கொடுத்தவனுக்கு இருக்கை என்னும் வணிக நெறி அவ்வகுப்பை, கொள்கை அளவிலேனும், முதன்முறையாக மீறியது.

இந்நெறியைப் பரப்பியவர்கள் சீர்திருத்தவாதிகள் அல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. திருச்சியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் படம் காட்டினார். பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார். சென்னையில் இரகுபதி வெங்கையா 1914இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். இவர்கள் நாடியது வருவாய். ஆயினும் அவ்வருவாய் நாட்டம் ஒரு சமூக விளைவைத் தந்தது. சிவத்தம்பி கண்டுரைத்தது இவ்விளைவையே. சு. தியடோர் பாஸ்கரன் அதே 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தேசிய இயக்கத்திற்கும் பொழுதுபோக்கு ஊடகங்களுக்கும் இருந்த உறவை விளக்கியபோது, காலனிய அரசு திரைப்படத்தை ஐயத்துடன் நோக்கித் தணிக்கை செய்ததையும் எடுத்துக்காட்டினார். பலதரப்பட்ட மக்கள் ஓரிடத்தில் கூடிய நிகழ்வே அவ்வச்சத்தின் ஒரு வேர் எனலாம்.

கூரைக்குக் கீழே இருந்த கதவுகள்

எனினும் ‘ஒரே கூரை’ என்னும் தொடர் அக்கூரைக்குக் கீழே இருந்த பிரிவினைகளை மறைத்துவிடும் இயல்புடையது. பழைய அரங்குகளின் அமைப்பை நோக்கினால் தரை, பெஞ்சு, நாற்காலி, மாடி என வகுப்புகள் அடுக்கப்பட்டிருந்தமை புலனாகும். கட்டண வேறுபாட்டுடன் நில்லாது, வகுப்புக்கு ஒரு சீட்டுச் சாளரம், ஒரு வரிசை, பல இடங்களில் ஒரு தனி வாயில் என்றவாறு இவ்வகுப்புகள் கட்டடத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தன. தரைச்சீட்டு வாங்கியவர் மாடிச்சீட்டு வாங்கியவரைப் படிக்கட்டிற்கூடச் சந்திக்காமல் வெளியேற இயன்றது. பெண்களுக்குத் தனிப்பகுதியும் தனி வரிசையும் இருந்தன. இருவரும் ஒரே காட்சிக்குச் சிரித்தனர், ஒரே காட்சிக்கு அழுதனர் என்பது உண்மை. ஒருவரையொருவர் கண்டனரா என்பது வேறு வினா.

வாங்கும் ஆற்றலும் பிறப்பும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல என்பது இரண்டாவது தடை. நிலமும் கல்வியும் சாதிவழிப் பகிரப்பட்ட சமூகத்தில், கட்டணத்தால் அமைந்த வரிசை பழைய வரிசையைப் பெருமளவு ஒத்தே அமைதல் இயல்பு. மதுரையில் 1980களில் களப்பணி செய்து 1993இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கி, நகர்ப்புற ஏழைகளின் திரைப்பட ஈடுபாட்டை அவர்தம் அன்றாட வாழ்வோடு இணைத்து ஆராய்ந்தார். திரைப்படம் பார்ப்போர் என்றாலே கீழ்வகுப்பினர் என்று கருதி மேல்வகுப்பினர் விலகி நின்றதை அவர் நூல் காட்டுகிறது. அரங்கிற்குள் அமர்ந்தோரிடையே சமத்துவம் நிலவியதாகக் கொண்டாலும், அரங்கிற்கு வர மறுத்தோரை அக்கூரை உள்ளடக்கவில்லை.

ஆகவே சிவத்தம்பியின் கருத்தைத் தள்ளுதல் வேண்டா, திருத்திக்கொள்ளுதல் வேண்டும். திரையரங்கு ஏற்றத்தாழ்வை ஒழிக்கவில்லை. அதுவரை மாற்றவியலாததாக இருந்த ஏற்றத்தாழ்வை மாற்றக்கூடியதாக ஆக்கியது. இன்று தரையில் அமர்ந்தவர், கையிற் காசு சேர்ந்த நாளில் நாற்காலிக்குச் செல்லலாம். பிறப்பு இவ்வாய்ப்பை ஒருபோதும் அளித்ததில்லை. 1952இல் ‘பராசக்தி’ படத்துடன் திறக்கப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கு 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டிருந்தது. அத்துணைப் பெருந்திரள் நாள்தோறும் பலமுறை கூடிக் கலைந்த இடம், கோயிலையும் சந்தையையும் நீக்கினால், அந்நகரில் வேறு எத்தனை இருந்திருக்கும்? இத்திரளின் அளவே ஒரு சமூக நிகழ்வு என்பதை நாம் மறத்தலாகாது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும்

சிவத்தம்பியின் கருத்து கடல் கடந்து வரும்போது வேறொரு சிக்கலை எதிர்கொள்கிறது. மலாயாத் தமிழருட் பெரும்பாலோர் தோட்டப்புறங்களில் லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள். அவர்களுட் பலர் முதலிற் கண்ட திரைப்படத்திற்குக் கூரையே இல்லை. தோட்டத் திடலில் வெண்துணி கட்டிக் காட்டப்பட்ட படமே அவர்களின் முதல் திரையரங்கு. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் அரசின் நடமாடும் திரைப்பட வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. அங்கே சீட்டும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆனால் படத்தைத் தேர்ந்தவர் அரசு அல்லது தோட்ட நிர்வாகம். கட்டணமின்மை சமத்துவத்தைத் தந்தது, தெரிவுரிமையைத் தரவில்லை. காசு கொடுத்து நகரத்து அரங்கில் அமர்ந்தபோதே தோட்டத் தொழிலாளி தான் விரும்பிய படத்தைத் தானே தேர்ந்து பார்ப்பவரானார். சிவத்தம்பி கூறிய ‘வாங்கும் ஆற்றல்’ இங்கு இவ்வாறு புதுப்பொருள் பெறுகிறது.

நகரத்து அரங்குகளோ தமிழருக்கு உரியன அல்ல. சிங்கப்பூரில் 1930இல் திறக்கப்பட்ட கேப்பிட்டல், பாரசீக வழிவந்த நமாசி குடும்பத்தாரால் எழுப்பப்பட்டு, 1946இல் ஷா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கத்தே அரங்கு லோக் குடும்பத்தாருடையது. கோலாலம்பூரில் 1920இல் எழுந்த கொலீசியம், சுவா செங் போக் குடும்பத்தாருடையது. எல். கிருஷ்ணன், எஸ். இராமநாதன் போன்றோர் சிங்கப்பூர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் மலாய்ப் படங்களை இயக்கிப் புகழ்பெற்ற காலத்திலும் அரங்க உடைமையில் தமிழர் பங்கு மிகச் சிறிது. படத்தை ஆக்கும் இடத்தில் இருந்தனர். படத்தைக் காணும் இடத்தில் திரளாக இருந்தனர். கட்டடத்தின் உரிமைப் பத்திரத்தில் அவர்கள் இல்லை. எனவே இங்கு ‘ஒரே கூரை’ என்பது தமிழர் அனைவரும் கூடிய கூரை மட்டுமன்று. பல இனத்தார் வெவ்வேறு நாளில், வெவ்வேறு மொழிப் படத்திற்காக, முறைவைத்துப் பயன்படுத்திய கூரையாகும். தமிழர் அதன் குடியிருப்பாளர் அல்லர். சில மணி நேர வாடகைதாரர்.

இவ்வுடைமையின்மை பின்னாளில் இருவகை விளைவுகளைத் தந்தது. உரிமையாளர் கட்டடத்தை விற்கவோ மாற்றவோ முடிவெடுத்தபோது பார்வையாளரின் குரலுக்கு இடமிருக்கவில்லை என்பது ஒன்று. மற்றொன்று எதிர்பாராதது. ஆங்கில, சீனப் படங்களின் பார்வையாளர் பல்திரை வளாகங்களுக்குச் சென்ற பின், கைவிடப்பட்ட பழைய அரங்குகள் சிலவற்றிற்கு உயிர் கொடுத்தவை தமிழ்ப் படங்களே. சிங்கப்பூர் மெக்கென்சி சாலையில் 1946இல் திறக்கப்பட்ட ரெக்ஸ் அரங்கு 1983இல் மூடப்பட்டது. பின்னர்ப் பல்வேறு பயன்பாடுகளுக்கு ஆளாகி, 2009இல் தமிழ்ப் படங்களுக்கான அரங்காக மீண்டும் திறக்கப்பட்டது. கோலாலம்பூர்க் கொலீசியமும் இந்தியப் படங்களின் துணையாலேயே நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. ஒரு சமூகம் தனக்கு உரிமையில்லாத கட்டடங்களை வருகையால் மட்டுமே காத்தது என்பது இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றில் குறிக்கப்பட வேண்டிய செய்தியாகும்.

மறைவின் காரணங்கள்

திரையரங்குகள் மறைந்தமைக்குத் தொலைக்காட்சியே காரணம் எனக் கூறுதல் வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் எளிமையானது, ஆனால் முழுமையற்றது. சென்னையின் சஃபயர் வளாகம் ஒரே கட்டடத்தில் மூன்று அரங்குகளுடன் 1964இல் திறக்கப்பட்டு 1994இல் மூடப்பட்டது. சிவாஜி கணேசன் குடும்பத்தாருக்கு உரியதாயிருந்த சாந்தி 1961இல் தொடங்கி 2016 வரை இயங்கியது. அசோக் நகரின் உதயம் 1983இல் தொடங்கி 2024இல் மூடப்பட்டது. தொலைக்காட்சி மட்டுமே காரணமாயின் இவை ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்திருக்க வேண்டும். முப்பதாண்டு இடைவெளியில் அவை மறைந்தமை, ஒவ்வொன்றிற்கும் நிலமதிப்பு, குடும்பப் பாகப்பிரிவினை, மின்னணு ஒளிபரப்புக் கருவிக்கான முதலீடு, ஒற்றைப் பேரரங்கை நிரப்பவியலாமை எனக் காரணங்கள் வெவ்வேறு அளவிற் கலந்திருத்தல் கூடும் என்பதை உணர்த்துகிறது. அண்ணா சாலையில் ஓர் ஏக்கர் நிலம் ஈட்டித்தரத்தக்க வாடகையை நாளொன்றுக்கு நான்கு காட்சிகள் ஈட்டித்தருதல் அரிது.

சிங்கப்பூரிற் காரணங்களின் வரிசை வேறு. 1980களில் ஒளிநாடாவும் திருட்டுப் பிரதிகளும் அரங்குகளை வெறுமையாக்கின. 1992இல் ஈசூனில் பத்துத் திரைகள் கொண்ட வளாகம் திறக்கப்பட்டபோது படம் பார்க்கும் வழக்கம் மீண்டும் பெருகியது. ஆனால் அப்பெருக்கம் பழைய அரங்குகளுக்குத் திரும்பவில்லை. இங்கே அரங்கைக் கொன்றது திரைப்பட வீழ்ச்சி அன்று. திரைப்பட மறுமலர்ச்சியின் வடிவமே அதனைக் கொன்றது. அப்புது வடிவமும் நிலைபேறுடையதன்று என்பதைப் பின்னைய நிகழ்வுகள் காட்டிவிட்டன. கோல்டன் மைல் டவரிலிருந்த 1973ஆம் ஆண்டின் கோல்டன் அரங்கை 2014 முதல் நடத்திவந்த ‘த புரொஜெக்டர்’ 2025 ஆகஸ்டில் தன் பணியை நிறுத்தியது. அதே ஆண்டு கத்தே நிறுவனத்தின் பல்திரை அரங்குகளும் மூடப்பட்டன.

முகப்பைக் காத்தலும் உள்ளிடத்தை இழத்தலும்

பழைய அரங்குகளின் பிற்கால வாழ்வை மூன்றாக வகுக்கலாம். முற்றாக இடிக்கப்பட்டவை, வேறு பயன்பாட்டிற்கு மாறியவை, மரபுச் சின்னமாகக் காக்கப்பட்டவை என்பன அவை. மதுரைத் தங்கம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை எழுந்தது. சென்னை எலெக்ட்ரிக் தியேட்டர் மிக விரைவிலேயே அஞ்சல் துறையின் கைக்குச் சென்று அஞ்சற்றலை நிலையமாயிற்று. அரங்காக இருந்ததைவிட அஞ்சலகமாக இருந்த காலமே பன்மடங்கு மிகுதி. அப்பயன்பாடே அக்கட்டடத்தைக் காத்தது. கோலாலம்பூர் ஜாலான் சுல்தானிலுள்ள ரெக்ஸ் 2002இல் மூடப்பட்டு, 2019 முதல் கலை, உணவு, நூற்கடை ஆகியன கூடிய பண்பாட்டு வளாகமாகியது.

மரபுச் சின்னமாதலே மேலானது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தைக் கத்தே வரலாறு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்வரங்கு, ஜப்பானியர் ஆட்சியில் ‘டாய் தோவா கெக்கிஜோ’ எனப் பெயர் மாறியது. அங்குதான் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அவர் பிரகடனம் செய்ததும் அங்கேதான். தென்கிழக்காசியத் தமிழரின் அரசியல் வரலாற்றில் அவ்வரங்கின் உள்ளிடத்திற்கு ஈடான இடங்கள் சிலவே. 2003இல் கட்டடத்தின் முகப்புத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. முகப்பை நிறுத்திக்கொண்டு பின்புறம் இடிக்கப்பட்டு 2006இல் புதிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. தெருவிலிருந்து நோக்குவோருக்கு வரலாறு நிற்பதுபோலத் தோன்றும். பிரகடனம் ஒலித்த மண்டபமோ இல்லை.

முகப்பு என்பது உடைமையாளர் தெருவிற்குக் காட்டிய முகம். பார்வையாளரின் வரலாறு உள்ளிருந்தது: சீட்டுச் சாளரத்தின் கம்பிகளில், வகுப்புகளைப் பிரித்த தடுப்பில், படமோட்டியின் சிற்றறையில், இடைவேளையில் திறந்த பக்கவாயிலில். நமது மரபுக் காப்பு நெறிகள் கட்டடக்கலையை மதிப்பதால் முகப்பைக் காக்கின்றன. சமூக வரலாற்றைக் காக்கும் கருவி அவற்றிடம் இல்லை. 2006இல் கொலீசியத்தைக் கையகப்படுத்தி மரபுடைமை மையமாக்க மலேசியப் பண்பாட்டு அமைச்சு எண்ணியபோது உரிமையாளரும் பிறரும் எதிர்த்தமை இங்குக் கருதத்தக்கது. அத்திட்டம் நிறைவேறாததால் அவ்வரங்கு அதன் பின்னரும் பல்லாண்டுகள் படம் காட்டியது. காட்சிப்பொருளாகாமல் இருந்ததே அதன் காப்பாயிற்று.

நினைவேக்க எழுத்தின் எல்லை

இவ்வரங்குகளைப் பற்றித் தமிழில் மிகுதியாகக் கிடைப்பவை நினைவுக் கட்டுரைகள். முதல் நாள் முதற்காட்சி, கறுப்புச்சந்தைச் சீட்டு, முறுக்கும் சோடாவும் என அவை சுவைபட எழுதப்பட்டுள்ளன. அவற்றை நாம் இகழவில்லை. ஆவணம் இல்லாத இடத்தில் நினைவே ஆவணம். எனினும் அவற்றுட் பெரும்பாலானவை நகரத்து ஆண்களின் இளமை நினைவுகள் என்பதையும் கூற வேண்டும். பெண்கள் வரிசையில் நின்றவரும், படமோட்டியும், சீட்டுக் கிழித்தவரும், மிதிவண்டி நிலையம் காத்தவரும் எழுதவில்லை. தோட்டத்திலிருந்து வண்டி பிடித்து வந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களும் எழுதவில்லை. பழைய அரங்கை இழந்த பொற்காலமாகக் காட்டும் எழுத்து, தனி வாயில்களையும் தரைச்சீட்டையும் இனிய நினைவாக மாற்றிவிடுகிறது. சிவத்தம்பியின் சமத்துவ அரங்கு இவ்வெழுத்தில் வரலாற்றுக் கருதுகோளாக நில்லாமல் மனநிறைவுக்குரிய தொன்மமாகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு. ஸ்டீபன் ஹியூஸ் 1996இல் நிறைவுசெய்த முனைவர்ப் பட்ட ஆய்வு, தென்னிந்திய மௌனப்படக் காலத்தின் அரங்குகளையும் பார்வையாளரையும் மையப்படுத்தியது. படங்களே பெரும்பாலும் அழிந்துபோன ஒரு காலத்தைத் திரையிடல் வரலாற்றின் வழி மீட்டமைக்கலாம் என அது நிறுவியது. இவ்வட்டாரத்திற்கு இத்தகைய ஆய்வு இன்னும் தேவைப்படுகிறது. அதற்கான மூலங்கள் உள்ளன. ‘தமிழ் முரசு’ 1935 முதல் வெளிவருகிறது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. இவற்றில் வெளியான திரைப்பட விளம்பரங்கள், எந்த அரங்கில், எந்த நாளில், எந்த நேரத்தில் தமிழ்ப் படத்திற்கு இடம் கிடைத்தது என்பதைக் காட்டும் வரைபடத்தின் மூலப்பொருள்கள். வாடகைதாரர் என முன்னர்க் குறித்த நிலையை, அவ்விளம்பரங்களைக் கணக்கிட்டு உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலும். வாய்மொழி வரலாற்றுப் பதிவிற்குக் காலம் குறைவு. 1950களில் படமோட்டியாகப் பணியாற்றியோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலராகவே இருப்பர்.

முடிவுரை

சிவத்தம்பியின் கருத்தை இன்றைய பல்திரை வளாகத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு முரண் தோன்றுகிறது. அங்குத் தரைச்சீட்டு இல்லை. தனி வாயில் இல்லை. பெண்களுக்குத் தனி வரிசை இல்லை. ஓர் அரங்கினுள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வகை இருக்கையில் அமர்கின்றனர். தோற்றத்தில் இதுவே அவர் கூறிய சமத்துவ அரங்கு. ஆனால் அவ்வரங்கிற்குள் வரும் ஆற்றலுடையோர் மட்டுமே அங்குச் சமமாகின்றனர். பழைய அரங்கில் ஒரு கூரையும் பல கதவுகளும் இருந்தன. புதிய வளாகத்தில் ஒரு கதவும் பல கூரைகளும் உள்ளன. முன்னது மக்களை உள்ளே விட்டபின் பிரித்தது. பின்னது பிரித்தபின் உள்ளே விடுகிறது. பழைய அரங்குகளோடு நாம் இழந்தது சமத்துவத்தை அன்று. ஏற்றத்தாழ்வு கண்ணுக்குப் புலனாகவும் அதனால் வினாவுக்கு உள்ளாகவும் இருந்த ஒரு பொதுவிடத்தை எனலாம்.

கோலாலம்பூரின் பெத்தாலிங் தெருவருகே ‘மெட்ராஸ் லேன்’ எனும் சந்து உள்ளது. லக்சா உண்ண அங்கு வருவோருட் பலர் அப்பெயர் தீயில் அழிந்த மெட்ராஸ் திரையரங்கிலிருந்து வந்தது என்பதை அறியார். கோயம்புத்தூரிலும் வின்சென்டின் அரங்கப் பெயர் வெரைட்டி ஹால் ரோடு எனச் சாலைப் பெயராக நிலைத்தது. கட்டடம் போன பின்னும் பெயர் சிறிது காலம் நிற்கும். அப்பெயருக்குரிய மக்களின் வரலாற்றை எழுதும் பொறுப்பு, பெயரும் மறக்கப்படுமுன், நமது ஆய்வுத்துறைகளைச் சார்ந்ததாகும்.